அந்தரத்தில் ஒரு வராந்தா

சார்லஸ் கொரியாவின் கஞ்சன்ஜங்காவைப் பார்க்க மும்பைக்கு ரயிலேறும் பெங்களூர் ரசிகர்கள் கேட்டோடு திரும்புகிறார்கள். தேடிப்போன விஷயத்தின் இன்னொரு பாதி இருப்பது அவர்கள் ஊரிலேயே, கோரமங்கலாவில்.

மும்பை பெடர் ரோட்டின் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டு ரகம். சதுர அடி என்ன விலை போகும் என்று மனக்கணக்குப் போடுபவர்கள் ஒரு ரகம். கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் மறுபடி பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு கட்டடத்தின் மூலையை வரைய ஆரம்பிப்பவர்கள் இன்னொரு ரகம். (லதா மங்கேஷ்கர் 2022இல் மறையும்வரை வாழ்ந்த பிரபு குஞ்ச் எது என்று விசாரிப்பவர்களையும் சேர்த்தால் மூன்று ரகம்.) இரண்டாவது ரகத்தினர் மூலையைத்தான் வரைவார்கள். காரணம், அந்தக் கட்டடத்தில் மூலை இருக்கவேண்டிய இடத்தில் மூலை இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கு யாரோ கடித்து எடுத்ததுபோல் வெற்றிடம் இருக்கிறது. அதற்குள் ஒரு தோட்டம்.

கம்பாலா ஹில்லில் நிற்கும் இந்தக் குடியிருப்பின் பெயர் கஞ்சன்ஜங்கா. 28 மாடி. 84 மீட்டர் உயரம். கீழே 21 மீட்டருக்கு 21 மீட்டர் சதுரம், அதாவது அகலத்தைப்போல் நான்கு மடங்கு உயரம். உள்ளே மொத்தம் 32 ஃபிளாட்கள்தான். இன்றைய மும்பையில் இந்த உயரம் யாரையும் திரும்பிப் பார்க்கவைக்காது. அருகில் ஆல்டமவுன்ட் ரோட்டில் 2010இல் எழுந்த முகேஷ் அம்பானியின் அன்டிலியாவுக்கு 27 மாடிதான், ஆனால் உயரம் 170 மீட்டரைத் தாண்டுகிறது. மாடி ஒன்று குறைவு, உயரம் இரு மடங்கு. மும்பையின் பணம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கட்டடக்கலைக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது கஞ்சன்ஜங்காதான்.

அதனால்தான் வருகிறார்கள். பெங்களூரிலிருந்து இரவு உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள் பயணம். இப்படி வரும் மாணவர்களும் ஆர்க்கிடெக்ட்களும், இரண்டுமில்லாமல் கட்டடம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் கேட் வரைக்கும் வரலாம். அதற்குமேல் வாட்ச்மேன் இருக்கிறார். அவர் மறிப்பதில் நியாயமும் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். மியூசியம் என்றால் டிக்கெட் வாங்கலாம். இது 32 குடும்பங்களின் வீடு. யாராவது ஒருவர் தெரிந்தவராக இருந்து, வாருங்கள் என்று கூப்பிட்டால் ஒழிய லிஃப்டில் ஏற வழியில்லை. தலைசிறந்தது என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் ஒரு கட்டடத்தைப் பெரும்பாலான ரசிகர்கள் புகைப்படத்திலும் குறுக்குவெட்டுப் படத்திலுமே அறிந்திருக்கிறார்கள்.

அந்தக் குறுக்குவெட்டுப் படத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மும்பைக்கு மேற்கே அரபிக்கடல். காற்று அங்கிருந்து வருகிறது. கண்ணுக்கு அழகான காட்சியும் அந்தப் பக்கம்தான். ஆகவே ஜன்னலை மேற்கே வைக்கவேண்டும். ஆனால் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடிப்பதும் மேற்கிலிருந்துதான். ஜூன் பிறந்தால் பருவமழை சாய்ந்து அடிப்பதும் அங்கிருந்தே. ஜன்னலை மேற்கே வைத்தவன் நனைகிறான், காய்கிறான், வைக்காதவன் புழுங்குகிறான். பழைய பங்களாக்கள் இதற்கு வீட்டைச் சுற்றி வராந்தா போட்டு வழி கண்டன. வெயிலும் மழையும் வராந்தாவோடு நின்றுவிடும், காற்று மட்டும் அறைக்குள் வரும். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து ரேழி, பிறகு தாழ்வாரமும் முற்றமும் என்று வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து உள்ளே கூட்டிப்போன வீடுகளில் நம் பாட்டன்கள் வாழ்ந்தார்கள்.

தரையில் வராந்தா சரி. இருபதாவது மாடியில்?

1930இல் செகந்திராபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் படித்து, 1958இல் மும்பையில் தனியாகத் தொழில் தொடங்கியவர் கொரியா. 60களிலேயே நேப்பியன் ஸீ ரோட்டில் சோன்மார்க் என்ற குடியிருப்பில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வசிக்கும் அறைகளுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் வராந்தா மாதிரியான ஒரு இடைவெளிப் பட்டையை அங்கே வைத்துப் பார்த்தார். 1970இல் தொடங்கி 1983இல் முடிந்த கஞ்சன்ஜங்காவில்தான் விடை முழுதாகக் கிடைத்தது. வராந்தாவைக் கட்டடத்தின் மூலைக்குத் தள்ளி, இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்துவிட்டு, அதைத் தோட்டமாக்கினார். வீட்டின் கீழ்த்தள அறை அதற்குள் திறக்கிறது. மேல்தள அறை அதை எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபிளாட்டும் கட்டடத்தின் கிழக்குப் புறத்திலிருந்து மேற்குப் புறம்வரை நீள்வதால் ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும். ஒரு புறம் கடல், மறுபுறம் துறைமுகம்.

ஃபிளாட்கள் ஒன்றின் மேல் ஒன்று செங்கல் அடுக்கியதுபோல் உட்காரவில்லை. ஒரு வீட்டின் உயரமான பகுதி அடுத்த வீட்டின் தாழ்வான பகுதியோடு பூட்டிக்கொள்கிறது, மரத்தச்சர் இரண்டு சட்டங்களைக் கொளுவுவதுபோல. மூன்று படுக்கையறையிலிருந்து ஆறு படுக்கையறைவரை நான்கு விதமான வீடுகள் இப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன. உள்ளேயே சில படிகள் ஏறி இறங்கவேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எது எந்த மாடி, எது யார் வீடு என்று எண்ணிச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

நிற்கவைத்தது பொறியாளர் ஷிரிஷ் படேல். (பெடர் ரோட்டின் தெற்குக் கோடியில் 1965இல் திறக்கப்பட்ட கெம்ப்ஸ் கார்னர் மேம்பாலமும் அவர் கைவண்ணமே.) நடுவில் 7.8 மீட்டர் சதுரத்தில் ஒரு கான்கிரீட் தண்டு. காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளினால் தாங்குவது அதுதான். அச்சைக் கழற்றி மாட்டாமல், கான்கிரீட் இறுக இறுக ஜாக்கிகளால் அச்சையே மெல்ல மேலே நகர்த்திக்கொண்டுபோகும் ‘ஸ்லிப்’ முறையில் அதை முதலில் எழுப்பினார்கள். மாடிகள் பின்னால் வந்தன. மூலைத் தோட்டங்களுக்குக் கீழே தூண் கிடையாது, 6.3 மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூண் வைத்திருந்தால் கட்டுவது எளிது. மூலை திறந்திராது, அவ்வளவுதான்.

கொரியாவோடு சேர்ந்து இதை வடிவமைத்தவர் பிரவீணா மேத்தா. கட்டடத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அந்தப் பெயரைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் முதல் தலைமுறைப் பெண் ஆர்க்கிடெக்ட்களில் ஒருவர் அவர். கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல் மூவரும் வேறொரு காரியத்துக்காகவும் சரித்திரத்தில் இடம்பெற்றவர்கள். நெரிசலில் திணறும் மும்பைக்கு மாற்றாகத் துறைமுகத்துக்கு அக்கரையில் புது நகரம் எழுப்பவேண்டும் என்று 60களின் நடுவில் திட்டம் தீட்டியது இந்த மூவர்தான். அரசு அதை ஏற்று 1970இல் சிட்கோவை உருவாக்கியது. கொரியா அதன் தலைமைக் கட்டடக்கலைஞரானார். இன்றைய நவி மும்பை அப்படிப் பிறந்தது.

இங்கேதான் ரசிகர்களை நெளியவைக்கும் கேள்வி எழுகிறது. இந்தியாவின் வீட்டுப் பிரச்சினைக்கு வானளாவிய கட்டடம் விடையல்ல என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் கொரியா. ஏழைக்குத் தேவை லிஃப்ட் அல்ல, வானத்தைப் பார்க்கும் ஒரு துண்டு நிலம் என்பது அவர் கட்சி. வெப்ப நாட்டில் முற்றமும் மொட்டைமாடியும் அறைக்குச் சமம். ஆண்டின் பெரும்பகுதி சமைப்பதும் தூங்குவதும் அங்கேதான். ஆகவே கூரைபோட்ட இடத்தை மட்டும் கணக்கிடுவது முட்டாள்தனம் என்றார். அதே மனிதர், அதே ஆண்டுகளில், வசதி படைத்தவர்களுக்காக 28 மாடி கட்டினார்.

முரண்பாடு உண்மைதான். ஆனால் அந்த 1983இலேயே அவர் நவி மும்பையின் பேலாப்பூரில் தொடங்கிய வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 5.4 ஹெக்டேரில் ஏறக்குறைய 550 குடும்பங்கள். எல்லாம் தரையோடு தரையாக. 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள். அப்படி மூன்று கொத்துகள் சேர்ந்தால் இன்னொரு பெரிய முற்றம். சின்ன மனை 45 சதுர மீட்டர், பெரியது 75. ஏழைக்கும் சற்று வசதியானவருக்கும் மனையில் வித்தியாசம் இவ்வளவுதான். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது. பணம் சேரச்சேர யாரையும் கேட்காமல் அவரவர் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டார்கள். பேலாப்பூருக்கு இன்று போகிறவர் கொரியா வரைந்த ஓட்டு வீடுகளைத் தேடவேண்டியிருக்கிறது. பலவற்றை இடித்துவிட்டு கான்கிரீட்டில் உயர்த்தியாயிற்று. முற்றங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. பணக்காரர்களுக்குக் கட்டியது அப்படியே நிற்க, மற்றவர்களுக்குக் கட்டியது கரைந்துபோனது என்று இதைப் படிக்கலாம். ஆனால் பேலாப்பூர் கரைவதற்காகவே கட்டப்பட்டது. அங்கே யாரும் வாட்ச்மேனிடம் அனுமதி கேட்கவேண்டியதும் இல்லை.

பெங்களூர் அடுத்து வருகிறது. 1985க்கும் 88க்கும் இடையில் கொரியா தனக்கென்று ஒரு வீடும் ஸ்டூடியோவும் கட்டிக்கொள்ள கோரமங்கலாவைத் தேர்ந்தெடுத்தார். பெங்களூரின் தட்பவெப்பத்துக்கு மேற்கு வெயிலோடு போராடவேண்டிய அவசியம் அப்போது இல்லை. அதனால் வீடு சுலபமாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. தமிழ்நாட்டிலும் கோவாவிலும் உள்ள பழைய இந்து வீடுகளின் அமைப்பே அவருக்கு முன்மாதிரி: நடுவில் சின்ன முற்றம், முற்றத்தில் ஒரு மரம், சுற்றிலும் தாழ்வாரம், அதையொட்டி அறைகள். வரைபடம் பலமுறை மாறியது, முற்றம் மாறவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும், கஞ்சன்ஜங்காவின் மூலைத் தோட்டமும் கோரமங்கலாவின் நடு முற்றமும் ஒரே சரக்குதான். மும்பையில் நிலமில்லாததால் முற்றம் மூலைக்கு ஒதுங்கி மேலே ஏறியது. மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ பக்கத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்த ஒருவர் பெடர் ரோட்டில் நின்று பார்த்தால், ஆர்க்கிடெக்ட்கள் விளக்கும் அளவுக்கு அது புதிராக இருக்காது.

பெங்களூரில் கொரியாவின் கை அதோடு நிற்கவில்லை. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் (1990-94) அவருடையது. பன்னேர்கட்டா ரோட்டில் அவரது சமகாலத்தவர் பாலகிருஷ்ண தோஷி கட்டிய ஐ.ஐ.எம்.மின் கருங்கல் தாழ்வாரங்களை ‘3 இடியட்ஸ்’ (2009) பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் நனையாமலும் வெயிலடித்தால் காயாமலும், ஆனால் வெளியிலேயே நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் அந்தத் தாழ்வாரங்களின் பாடம். தோஷி 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆனார், 2023இல் மறைந்தார். சென்னை வாசகர்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். கிரீம்ஸ் ரோட்டில் உள்ள எம்.ஆர்.எஃப். தலைமையகம் கொரியா வரைந்தது.

பாடம் கேட்ட ஊர் அதைக் கடைப்பிடித்ததா என்றால், கோரமங்கலாவிலேயே ஒரு சுற்று வந்தால் போதும். 80களில் அது நகரத்தின் ஓரம். 2007இல் ஃப்ளிப்கார்ட் பிறந்தது அங்கே ஒரு ஃபிளாட்டில்தான். அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் எழுந்தவற்றில் பல, எந்த ஊரில் வைத்தாலும் பொருந்தக்கூடிய கண்ணாடிப் பெட்டிகள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், வெப்பத்தை வெளியே விடாது, பிறகு ஏ.சி. போட்டு அதை விரட்டவேண்டும். பெங்களூரில் மின்விசிறி எதற்கு என்று கேட்ட ஒரு தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. 2016 ஏப்ரல் 24 அன்று அந்த ஊரில் 39.2 டிகிரி பதிவானது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனி இல்லாமலில்லை. விளம்பரப் படத்தில் அங்கே ஒரு தம்பதி காபி குடிப்பார்கள். குடிவந்த ஆறே மாதத்தில் ஒன்று வாஷிங் மெஷினுக்கும் கொடிக்கும் போகிறது. (பெங்களூர் பில்டர்கள் நேர்மையாக அதற்கு ‘யூட்டிலிட்டி’ என்று பெயரிட்டுவிட்டார்கள்.) இன்னொன்றுக்குப் புறாவலை கட்டியாகவேண்டும். நாலடி அகலத்தில் நாற்காலி போட்டால் கால் நீட்ட இடமிருக்காது. குடியிருப்பவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வராந்தா வேலை செய்ய ஆழம் வேண்டும். ஆழம் என்பது பில்டரின் கணக்கில் விற்பனையாகாத தரை.

மும்பையில் இந்தக் கணக்கு சட்டப் புத்தகத்துக்கே போனது. பால்கனிகளும் பூந்தொட்டி மேடைகளும் நெடுங்காலம் தரைப்பரப்புக் குறியீட்டில் சேராமல் இருந்தன. ஆகவே அவற்றைத் தாராளமாக வரைந்து, அனுமதி வாங்கி, பிறகு சுவர் எழுப்பி அறையோடு சேர்த்து விற்பது கலையாக வளர்ந்தது. 2012 ஜனவரியில் மாநகராட்சி விழித்துக்கொண்டது. பால்கனி, பூந்தொட்டி மேடை, வெற்றிடம் எல்லாம் இனி கணக்கில் சேரும்; ஈடாகக் குடியிருப்புகளுக்கு 35 சதவீதம் கூடுதல் பரப்பைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று விதி மாறியது. மோசடிக்கு அது சரியான வைத்தியம்தான். கூடவே, திறந்த இடத்தைத் திறந்தே வைக்க நினைக்கும் அபூர்வமான கட்டடக்கலைஞருக்கும் அதே கசப்பு மருந்து. எல்லாமே காசென்றால், எந்த பில்டர் இரண்டு மாடி உயரத்துக்குக் காற்றை விட்டுவைப்பார்?

எனவே கஞ்சன்ஜங்கா போல இன்னொன்று வருவது கடினம். இருப்பதாவது இருக்குமா? 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டப்படி புராதனச் சின்னம் என்றால் குறைந்தது 100 வயதாகியிருக்கவேண்டும். கஞ்சன்ஜங்கா 2083வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு தில்லியில் உதாரணம் இருக்கிறது. ராஜ் ரேவால் வடிவமைத்து 1972இல் எழுந்த பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்த முறையீடுகள் பலிக்கவில்லை. 2020 டிசம்பரில் அகமதாபாத் ஐ.ஐ.எம்., லூயி கான் கட்டிய 18 மாணவர் விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் புத்தாண்டு தினத்தில் தற்காலிகமாகப் பின்வாங்கியது. சண்டிகரின் தலைமைச் செயலக வளாகத்துக்கு மட்டும் 2016இல் யுனெஸ்கோவின் பாதுகாப்பு கிடைத்தது. அதைக் கட்டியவர் லெ கொர்பூசியே என்பது அதற்குப் பெரிய காரணம்.

அதே பட்டியலில் அதே ஆண்டு இடம்பெற்ற இன்னொன்று, பிரான்ஸின் மார்சேயில் கொர்பூசியே 1952இல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு. 18 மாடி, 337 வீடுகள். அங்கேயும் ஜனங்கள் வசிக்கிறார்கள், அங்கேயும் வாசலில் ரசிகர்கள் குவிகிறார்கள். ஆனால் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. காசு கொடுத்து ஓரிரவு தங்கலாம். மொட்டைமாடிக்கு ஏறி மத்தியதரைக் கடலைப் பார்க்கலாம். குடியிருப்பவர்களின் நிம்மதிக்கும் வருபவர்களின் ஆர்வத்துக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் சாத்தியம் என்பதற்கு அது அத்தாட்சி. கம்பாலா ஹில்லில் அதை எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஃபிளாட், பதிவு செய்துகொண்ட இருபது பேர் என்றால்கூட ஒரு கல்லூரி வகுப்பே ரயிலேறிவிடும்.

கொரியா 2015 ஜூன் 16 அன்று மும்பையில் மறைந்தார். கஞ்சன்ஜங்கா முடிந்த மறு ஆண்டே, 1984இல், பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்திய அரசின் பத்ம விபூஷண் 2006இல் வந்தது. தமது வரைபடக் காப்பகத்தை அவர் லண்டனில் உள்ள அதே கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2013இல் அங்கே அவை கண்காட்சியாக வைக்கப்பட்டன. பெடர் ரோட்டு கேட்டுக்குள் போக முடியாத ரசிகர், விசா வாங்கினால் கொரியாவின் வரைபடங்கள் போய்ச்சேர்ந்த லண்டன்வரை போகலாம்.

விசா வாங்காதவர்களுக்கு உத்யான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மறுநாள் காலை பெங்களூர். நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து மூலைகள், செல்போனில் நூறு படங்கள். வீட்டுக்கு வந்து பால்கனிக் கதவைத் திறந்தால் வாஷிங் மெஷின். அளவெடுத்துப் பார்த்தால் அதைச் சமையலறைப் பக்கம் நகர்த்த இடமிருக்கும்போல்தான் தெரிகிறது. நகர்த்தினால் இரண்டு தொட்டியும் ஒரு பிரம்பு நாற்காலியும் போடலாம். குழாய் இணைப்பை மட்டும் பிளம்பர் வந்து மாற்றவேண்டும்.